பிளவுற்ற அண்ணமும் பிந்தி முளைக்கும் பல்லும்

‘பல்லுப் போனால் சொல்லுப் போச்சு’ என்பது பழமொழி. முதுமையில் பல்லிழந்தோரை நோக்கி எழுந்த அம்மொழி, உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கும் வேறொரு வகையிற் பொருந்துகின்றது. உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றனர். சத்திரசிகிச்சை நிபுணர் உதட்டைத் தைத்து மூடி, பின்னர் அண்ணத்தையும் பொருத்திவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று பெற்றோர் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் பிள்ளைக்கு ஆறேழு வயதாகிப் பாற்பற்கள் விழத் தொடங்கும்போது புதிய கவலைகள் தோன்றுகின்றன. ஓரிடத்திற் பல்லையே காணோம். மற்றோரிடத்திற் பல் பக்கவாட்டிற் திரும்பி நிற்கின்றது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு முளைத்துவிட்ட பல் இப்பிள்ளைக்கு இன்னும் முளைக்கவில்லை. இதற்குக் காரணம் யாது? யாருடைய தவறு? இதற்கு என்ன செய்யலாம்?

இக்கேள்விகளுக்கு ஒரே விடை இல்லை. இப்பிள்ளைகளின் பல் வளர்ச்சியைப் பாதிக்கும் காரணங்களை மூன்றாக வகுத்துக் கொள்ளலாம். கருவிலேயே அமைந்துவிட்டவை ஒருவகை. சிகிச்சையோடு வந்து சேர்பவை இன்னொரு வகை. வீட்டுப் பழக்கங்களால் விளைபவை மூன்றாம் வகை. முதல் வகையை எவராலும் மாற்ற இயலாது. இரண்டாவது வகை வைத்தியரின் கையில் இருக்கின்றது. மூன்றாவது முற்றிலும் பெற்றோரின் கையிலேயே உள்ளது. எது எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்து கொள்வோர் வீண் கவலையை விடுத்து வேண்டிய இடத்தில் முயற்சியைச் செலுத்துவர்.

முதலிற் கருவில் நிகழ்வதை நோக்குவோம். தாய் கருவுற்ற நான்காம் கிழமை அளவிற் குழந்தையின் முகம் உருப்பெறத் தொடங்குகின்றது. அப்போது முகம் ஒரே தகடாக அமைந்திருப்பதில்லை. சிறு மொட்டுகள் போன்ற சில இழையப் புடைப்புகள் பல திசைகளிலிருந்தும் வளர்ந்து வந்து ஒன்றோடொன்று கூடுகின்றன. மூக்கின் நடுப்பகுதியைச் சேர்ந்த புடைப்பும், மேல்தாடையைச் சேர்ந்த புடைப்பும் ஆறாம் ஏழாம் கிழமைகளில் இணைவதனால் மேலுதடு உண்டாகின்றது. எட்டாம் கிழமை தொடங்கிப் பன்னிரண்டாம் கிழமைக்குள் இருபுறத்து அண்ணத் தட்டுகளும் நடுவிற் சந்தித்து ஒட்டிக் கொள்கின்றன. எக்காரணத்தாலேனும் இக்கூடல் தடைப்படுமாயின் அவ்விடத்திற் பிளவு நிலைத்துவிடுகின்றது.

பல்லின் கதையும் இதே நாட்களில், இதே இடத்திலேயே தொடங்குகின்றது. ஆறாம் கிழமை அளவில் வாயின் உட்படலத்தில் ஒரு தடித்த பட்டி தோன்றுகின்றது. அப்பட்டியிலிருந்தே பல்முளைகள் அரும்புகின்றன. ஆகவே உதடு இணைய வேண்டிய காலமும் பல்முளை அரும்ப வேண்டிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே மண்ணில், ஒரே பருவத்தில் விதைக்கப்பட்ட இரு பயிர்களுள் ஒன்று வாடும்போது மற்றதும் வாட்டம் காண்பது இயல்பன்றோ? பிளவுக்கும் பல் குறைபாட்டுக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

இவ்வுறவை மிகத் தெளிவாகக் காட்டுவது மேல்தாடையின் பக்க வெட்டும் பல்லாகும். முன்வாயின் நடுவில் உள்ள இரு பெரிய பற்களுக்கு அடுத்தாற்போல், வேட்டைப் பல்லுக்கு முன்னதாக நிற்பது இப்பல். இதனுடைய முளை, மூக்குப் புடைப்பும் தாடைப் புடைப்பும் கூடும் எல்லையிலேயே தோன்றுகின்றது. ஆதலின் பிளவு விழும்போது நேரடியாகத் தாக்கப்படுவதும் இதுவே. பிளவுற்ற பக்கத்தில் இப்பல் தோன்றாமலே போவதுண்டு. சிறுத்து ஆணி போன்று முளைப்பதுண்டு. இரு புடைப்புகளிலும் பல்லுக்குரிய இழையம் பங்கு பட்டுவிட்டால், பிளவின் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்றாக இரு பற்கள் முளைப்பதும் உண்டு. பாற்பற்களில் இவ்வாறு மிகையாக முளைத்தல் அதிகம். நிலையான பற்களிலோ முளையாமற் போதலே அதிகம். பொதுமக்களில் இப்பல் இல்லாதவர் நூற்றுக்கு இருவர் அளவினரே. பிளவுற்ற பிள்ளைகளிலோ, பல ஆய்வுகளின்படி, மூன்றில் ஒரு பங்கினர் முதற் பாதிக்கு மேற்பட்டோர் வரை இப்பல் இல்லாதிருக்கின்றனர்.

இங்கே ஒரு வினா எழும். பல்முளை பிளவின் ஓரத்தில் நிற்பதனால் மட்டுமே பாதிக்கப்படுகின்றது என்றால், பிளவுக்கு அப்பால் உள்ள பற்கள் குறையின்றி இருத்தல் வேண்டும். உண்மை அவ்வாறில்லை. பிளவுக்குத் தொலைவில் உள்ள மேல்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் இப்பிள்ளைகளில் அடிக்கடி இல்லாமற் போகின்றது. மேலும், பற்கள் உருவாகும் வேகமே இவர்களிற் சற்றுக் குறைந்திருக்கின்றது. பின்லாந்து நாட்டின் பல் வைத்திய அறிஞர் ரெயோ ரன்ரா இத்துறையில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 1986 இல் வெளியிட்டார். பிளவுற்ற பிள்ளைகளின் நிலையான பற்கள் சராசரியாக அரை ஆண்டு அளவு பின்தங்கி உருவாவதையும், பற்கள் சில இல்லாத பிள்ளைகளில் இத்தாமதம் மேலும் கூடுவதையும் அவ்வாய்வுகள் காட்டின. இத்தாமதம் மேல்தாடையில் மட்டுமன்றிக் கீழ்த்தாடையிலும் காணப்படுகின்றது என்பது உற்று நோக்கத் தக்கது. கீழ்த்தாடையிற் பிளவும் இல்லை; அங்கே வைத்தியரின் கத்தி பட்டதும் இல்லை. அவ்வாறிருந்தும் அங்குள்ள பற்கள் பிந்துமாயின், அதன் காரணம் வெட்டிலோ வடுவிலோ இல்லை. உடலின் உள்ளமைப்பிலேயே இருத்தல் வேண்டும்.

அவ்வுள்ளமைப்பை ஆள்வன பரம்பரையலகுகள். முகத்தின் புடைப்புகளை இணையச் செய்யும் கட்டளைகளையும், பல்முளைகளை அரும்பச் செய்யும் கட்டளைகளையும் சில பரம்பரையலகுகள் ஒருங்கே தாங்கி நிற்கின்றன. எம்.எஸ்.எக்ஸ்.1 எனப்படுவது அவற்றுள் ஒன்று. இதிற் குறை நேர்ந்த ஒல்லாந்துக் குடும்பம் ஒன்றிற் பிளவும் பல்லின்மையும் சேர்ந்து காணப்பட்டதை 2000 ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். கீழுதட்டிற் சிறு குழிகளும், பிளவும், பல்லின்மையும் சேர்ந்து வரும் பரம்பரை நோய் ஒன்றுக்கு ஐ.ஆர்.எவ்.6 என்னும் பரம்பரையலகே காரணம் என்பது 2002 இல் தெளிவாயிற்று. எனினும் பரம்பரை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையரில் ஒருவர் பிளவுடன் பிறக்க, மற்றவர் குறையின்றிப் பிறப்பதும் உண்டு. தாய் புகைபிடித்தல், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் முதலியனவும் பிளவு உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. வலிப்பு நோயுள்ள பெண்கள் தாமாக மருந்தை நிறுத்திவிடுதல் ஆபத்தானது. கருத்தரிக்க எண்ணும்போதே வைத்தியரைக் கலந்து கொள்ளுதலே தக்கது.

இவ்வளவும் ஆராய்ந்தபின் ஒன்றைத் திடமாகக் கூறலாம். கிரகண காலத்திற் கருவுற்ற தாய் வெளியே வந்தாள், கத்தி எடுத்துக் காய் நறுக்கினாள், அதனாலேயே குழந்தையின் உதடு பிளந்தது என்னும் பேச்சு நம் ஊர்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மேற்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்ற சொல்லும் உண்டு. பிளவுற்ற பிள்ளைக்குப் பற்கள் வரிசை மாறியும் இடம் மாறியும் முளைப்பது வழக்கமாதலால், இச்சொற்கள் அத்தாயின் மீதே மீண்டும் மீண்டும் விழுகின்றன. வானத்தில் நிழல் விழுவதற்கும் கருவில் இழையம் கூடுவதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உதடு இணையும் ஆறாம் ஏழாம் கிழமைகளில், தாம் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அப்போதுதான் அறிகின்றனர். அத்தாயைக் குற்றஞ் சாட்டுதல் அறிவுமன்று, அறமுமன்று.

இனிச் சிகிச்சையோடு சேர்ந்து வரும் காரணங்களைக் காண்போம். உதட்டுப் பிளவு பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்களுக்குள்ளும், அண்ணப் பிளவு 9 முதல் 18 மாதங்களுக்குள்ளும் மூடப்படுகின்றன. நிலையான நடு வெட்டும் பல்லின் முடிப்பகுதி தாடை என்பினுள்ளே கடினமாகத் தொடங்குவது மூன்றாம் நான்காம் மாதங்களிலாகும். ஆகவே வாயினுள் ஒரு பல்லும் தெரியாத அப்பருவத்திலேயே, பிளவின் ஓரத்தில் என்பினுள் வருங்காலப் பற்கள் உருவாகிக் கொண்டிருக்கின்றன. சத்திரசிகிச்சையால் அவற்றின் குருதியோட்டம் சிறிது குன்றினும், அல்லது குழந்தை போதிய பாலுண்ண இயலாது மெலிந்தாலும், பல்லின் மேற்படையான எனாமல் செம்மையாக அமையாமற் போகலாம். பிளவை அடுத்த நடு வெட்டும் பல்லில் வெண்திட்டுகளும் பழுப்புக் குழிகளும் அடிக்கடி காணப்படுவதற்கு இவை காரணமாகக் கருதப்படுகின்றன. வடமத்திய மாகாணம் போன்ற வறண்ட பகுதிகளிற் கிணற்று நீரில் மிகுந்துள்ள புளோரைட்டும் பல்லிற் கறைகளை உண்டாக்குகின்றது. ஆயின் புளோரைட்டின் கறை இடம் வலம் இரு பக்கத்துப் பற்களிலும் ஒத்துக் காணப்படும். பிளவினால் வரும் குறையோ பிளவுற்ற பக்கத்திலேயே மிகுதியாகக் காணப்படும். எனாமல் ஒருமுறை உருவானபின் உடல் அதனைத் திரும்ப ஆக்குவதில்லை. ஆதலின் இத்தகைய பல் முளைத்தவுடன் பல் வைத்தியரிடம் காட்டிக் காப்புச் செய்தல் வேண்டும்.

சத்திரசிகிச்சையின் வடு தாடையின் வளர்ச்சியையும் கட்டுப்படுத்துகின்றது. இதனை உலகுக்கு எடுத்துக் காட்டிய ஆய்வுகளுள் முக்கியமான ஒன்று இலங்கையிலேயே நிகழ்ந்தது. இலண்டன் கிரேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த பற்சீராக்க நிபுணர் மைக்கல் மார்ஸ், 1980 களின் நடுப்பகுதி தொட்டுக் காலியைச் சார்ந்த தென்பகுதியிற் பிளவுற்றோரை ஆராய்ந்து வந்தார். அக்காலத்தில் அங்கே வளர்ந்தவர் ஆகியும் சத்திரசிகிச்சை பெறாதோர் பலர் இருந்தனர். 13 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை, சிகிச்சையே பெறாதோர், உதடு மட்டும் மூடப்பெற்றோர், உதடும் அண்ணமும் மூடப்பெற்றோர் எனப் பிரித்து ஒப்பிட்டு, மார்ஸும் ஹூஸ்டனும் 1990 இல் முடிவுகளை வெளியிட்டனர். சிகிச்சை பெறாதோரின் மேல்தாடை ஏனையோரைப் போன்றே முன்னோக்கி வளர்ந்திருந்தது. குழந்தைப் பருவத்தில் அண்ணமும் மூடப்பெற்றோரிலேயே மேல்தாடை பின்னடைந்து காணப்பட்டது. தாடை குறுகினால் பற்களுக்கு இடம் போதாது. அவை நெருங்கியும் திரும்பியும் நிற்கும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே சென்று கடிக்கும்.

அவ்வாறாயின் அண்ணத்தை மூடாது விட்டுவிடலாமே என்று எண்ணுவது பெருந் தவறாகும். அதே தென்பகுதியில், காலந் தாழ்த்தி அண்ணம் மூடப்பெற்ற இளைஞரின் பேச்சும் ஆராயப்பட்டது. அவர்களிற் பலருக்குப் பேச்சுத் தெளிவு பெறவில்லை. குழந்தை சொல் பழகும் காலத்தில் அண்ணம் திறந்திருந்தால், காற்று மூக்கின் வழியே ஓடிச் சொற்கள் சிதைகின்றன. அவ்வாறு பழகிய நா பின்னர் எளிதிற் திருந்துவதில்லை. பேச்சு விரைவாக மூடு என்கின்றது. தாடை பொறுத்து மூடு என்கின்றது. இவ்விரண்டுக்குமிடையே தக்க காலத்தைத் தெரிவதும், வடுவைக் குறைக்கும் வண்ணம் மென்மையாகச் சிகிச்சை புரிவதும் நிபுணரின் கடமையாகும். தாடையின் குறையைப் பின்னர் பற்சீராக்க நிபுணர் பெருமளவு திருத்த இயலும். இழந்த பேச்சை மீட்பதோ அதனினும் கடினம்.

பிளவு உதட்டையும் அண்ணத்தையும் மட்டுமன்றிப் பல்லைத் தாங்கும் தாடை என்பையும் பிரித்திருக்குமாயின், வேறொரு சிக்கல் எழுகின்றது. மேல் வேட்டைப் பல் வழக்கமாக 11, 12 வயதில் முளைக்கும். பிளவின் ஓரத்தில் அது இறங்கி வரும்போது வழியில் என்பு இல்லையாயின் அது தங்க இடமின்றி நின்றுவிடும். அல்லது தடம் மாறி வரும். இதனைத் தீர்க்க, இடுப்பென்பிலிருந்து சிறிது என்பை எடுத்துப் பிளவினுள் நிரப்பும் முறை கையாளப்படுகின்றது. 1950 களிலும் 1960 களிலும் கைக்குழந்தைகளுக்கே என்பு நிரப்பிப் பார்த்தனர். அது தாடையின் வளர்ச்சியைத் தடுத்தமையாற் பல நாடுகளிற் கைவிடப்பட்டது. 1972 இல் அமெரிக்காவைச் சேர்ந்த பொயின், சான்ட்ஸ் என்போர், பாற்பற்கள் விழும் பருவத்தில் இதனைச் செய்வதன் பயனை விளக்கினர். நோர்வேயின் ஒஸ்லோ நகர் வைத்தியக் குழுவினர் 1986 இல் தம் அனுபவங்களை வெளியிட்டபின் இம்முறை உலகெங்கும் பரவிற்று.

இச்சிகிச்சைக்குரிய காலம் பொதுவாக 8 முதல் 11 வயது வரை எனக் கூறப்படும். எனினும் உண்மையான அளவுகோல் பிறந்த தேதியன்று, பல்லே. வேட்டைப் பல்லின் வேர் பாதி முதல் மூன்றில் இரு பங்கு வரை வளர்ந்த நிலையில் என்பை நிரப்பினால், அப்பல் புதிய என்பினூடே தானே இறங்கி முளைக்கின்றது. அவ்வாறு முளைத்த பல் அவ்வென்பைத் தேயவிடாது காக்கவும் செய்கின்றது. இங்கேதான் முன்னர்க் கூறிய அரை ஆண்டுத் தாமதம் பொருளுடையதாகின்றது. 9 வயதுப் பிள்ளையின் பல் எட்டரை வயதுப் பிள்ளையினது போன்று இருக்கலாம். பிளவுற்ற பக்கத்து வேட்டைப் பல் மறுபக்கத்ததினும் பிந்தி நிற்கலாம். இதனை அறிய எக்ஸ் கதிர்ப் படம் உதவுகின்றது. கனடாவின் மொன்றியல் நகரில் டெமிர்ஜியனும் அவர் குழுவினரும் 1973 இல் வகுத்த முறையில், கீழ்த்தாடையின் இடப்பக்கத்து ஏழு பற்களை எட்டுப் படிகளாக மதிப்பிட்டுப் பிள்ளையின் பல் வயது கணிக்கப்படுகின்றது. ஆகவே, ‘பிள்ளைக்கு வயது வந்துவிட்டதே, இன்னும் ஏன் சிகிச்சை செய்யவில்லை?’ என்று பெற்றோர் அவசரப்படவும் வேண்டாம். ‘பிறகு பார்க்கலாம்’ என்று குறித்த நாளைத் தவறவிடவும் வேண்டாம்.

எஞ்சியது மூன்றாவது காரணம். அதுவே வீட்டைச் சார்ந்தது. பிளவுற்ற குழந்தை பாலுண்ண அதிக நேரம் எடுக்கும். மெலிந்துவிடுமோ என்ற அச்சத்தால் தாய் இரவெல்லாம் பால்போத்தலை வாயில் வைத்துவிடுகின்றாள். சீனி கலந்த பாலும், இனிப்பு மருந்துகளும் உறங்கும் குழந்தையின் பற்களைச் சூழ்ந்து நிற்கின்றன. பல் துலக்கும்போது தையல் பிரிந்துவிடுமோ, வடு நோகுமோ என்று பயந்து, பிளவை அண்டிய பற்களை அப்படியே விட்டுவிடுவோரும் உளர். நெருங்கித் திரும்பி நிற்கும் பற்களில் உணவு தங்குகின்றது. செம்மையற்ற எனாமல் எளிதிற் கரைகின்றது. இவ்வாறு, கருவில் அமைந்த குறையோடு வீட்டில் விளைந்த சூத்தையும் சேர்ந்து கொள்கின்றது.

பாற்பல் எப்படியும் விழுவது தானே என்று இதனை எளிதாக விடலாகாது. ஒவ்வொரு பல்லும் தன்னைச் சூழ்ந்த என்பைத் தாங்கி நிற்கின்றது. அடுத்து வரும் பல்லுக்கு இடத்தைக் காத்தும் வைக்கின்றது. பிளவின் ஓரத்தில் ஏற்கனவே குறைவாக உள்ள என்பு, அங்குள்ள பாற்பல்லைக் காலத்துக்கு முன் பிடுங்கினால் மேலும் குறையும். மிகையாக முளைத்த பல்லையும் இதே காரணத்தால் நிபுணரைக் கேளாது அகற்றுதல் கூடாது. என்பு நிரப்பும் காலத்தில் வாயிற் சூத்தைப் பற்களும் வீங்கிய முரசும் இருப்பின், நிரப்பிய என்பிற் கிருமி தொற்றிச் சிகிச்சை பயனற்றுப் போகவும் கூடும். இரண்டு வயதில் தரப்பட்ட இனிப்புப் போத்தல் ஒன்பது வயதில் நிகழும் சத்திரசிகிச்சையைக் கெடுக்கவல்லது என்பதை எத்தனை வீடுகள் அறிந்திருக்கின்றன?

செய்ய வேண்டியவை அரியன அல்ல. முதற் பல் முளைத்த நாள் தொட்டு, மென்மையான சிறு பற்தூரிகையாற் காலையும் இரவும் பல் துலக்க வேண்டும். மூன்று வயது வரை அரிசி மணியளவும், பின்னர் ஆறு வயது வரை பட்டாணிக் கடலை அளவும் புளோரைட்டு அடங்கிய பற்பசை போதுமானது. சத்திரசிகிச்சையின் பின் காயம் ஆறும் வரை எவ்வாறு துப்புரவு செய்வது என்பதைத் தாதியிடம் கேட்டறியலாம்; காயம் ஆறியபின் உதட்டை மெல்ல உயர்த்திப் பிளவின் ஓரத்துப் பல்லையும் துலக்குதல் வேண்டும். இரவிற் போத்தலோடு உறங்கவிடுதலைத் தவிர்த்து, பாலுண்டபின் சிறிது நீர் பருகக் கொடுக்கலாம். இனிப்புத் தின்பண்டங்களை நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தருவதை நிறுத்துதல் நன்று. முதலாம் வயது நிறையுமுன் பல் வைத்தியரிடம் காட்டி, அதன்பின் அவர் குறிக்கும் நாட்களிற் தவறாது அழைத்துச் செல்லுதல் வேண்டும். பிள்ளை பள்ளி சென்றபின் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தாரிடமும் பிளவைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைத்தல் பயன் தரும்.

சத்திரசிகிச்சை நிபுணர், பல் வைத்தியர், பேச்சுப் பயிற்சியாளர், செவி வைத்தியர் எனப் பலர் கூடி ஏறத்தாழ 20 ஆண்டுகள் வரை உழைத்தே இத்தகைய பிள்ளையை முழுமையான வாழ்வுக்கு ஆளாக்குகின்றனர். அவர்களுள் எவரும் நாள்தோறும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. அதனைச் செய்பவர் தாயும் தந்தையுமே. முளையாத பல்லுக்காக அவர்கள் தம்மை நொந்து கொள்ள வேண்டியதில்லை; முளைத்த பல்லைச் சூத்தை தின்னாது காப்பதே அவர்களுக்குரிய பணி. அப்பணி ஒழுங்காக நடைபெறும் வீட்டில், பிந்தி வரும் பல்லுக்கும் வந்து நிற்க ஓர் இடம் காத்திருக்கும்.